அனுப்பிய காசு திரும்பி வரும்போது ஏன் குறைகிறது?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக்கு அனுப்பிய பணத்தையும் அங்கிருந்து வரவேண்டிய பணத்தையும் இடைநடுவில் நிறுத்தப்போய் நட்டப்பட்டவர்களின் கடிதங்கள் இந்தமுறை ஒரு கட்டாகச் சேர்ந்திருந்தன. ஹட்டன், மஸ்கெலியா, எல்ல, பதுளை என்று ஊர்தான் வேறு, மனக்குறை ஒன்றுதான். ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

மகனின் இங்கிலாந்துப் படிப்புக்காகப் பல்கலைக்கழகத்துக்கு 2,000 பவுண் முற்பணம் அனுப்பினோம். எல்லாக் கட்டணமும் எங்களுடையது என்றுதான் ஃபோர்மில் போட்டோம். இரண்டு நாள் கழித்துப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டி வந்ததால், ரத்துச் செய்யும்படி வங்கிக்குக் கடிதம் கொடுத்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு பணம் வந்தது. ஆனால் 48,000 ரூபாவுக்கு மேல் குறைவு. ரத்துக் கட்டணம் எதுவும் எடுக்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் அந்தக் காசு எங்கே போனது? இரண்டு பற்றுச்சீட்டுகளின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.
– தாய் ஒருவர், ஹட்டன்

வங்கி சொல்வது சரிதான் அம்மா. ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அவர்கள் ஒரு சதமும் எடுக்கவில்லை. உங்கள் காசு குறைந்ததும் உண்மை. நீங்கள் அனுப்பிய இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

போன அன்று வங்கி ஒரு பவுணை உங்களுக்கு 410 ரூபாவுக்கு விற்றிருக்கிறது. 2,000 பவுணுக்கு 820,000 ரூபா. அதற்கு மேல் தரகு 3,000, ஸ்விஃப்ட் (வங்கிகள் தங்களுக்குள் பணச் செய்தி அனுப்பும் வலையமைப்பு) செய்திக்கு 2,000. ஆக உங்கள் கையை விட்டுப் போனது 825,000. திரும்பி வந்ததோ 1,968 பவுண். அதை வங்கி உங்களிடம் 395 ரூபா வீதம் வாங்கியிருக்கிறது, 777,360 ரூபா. கணக்கில் வரவு வைக்க 500 கழித்து உங்களுக்குக் கிடைத்தது 776,860. வித்தியாசம் 48,140.

இந்த 48,140ஐ உடைத்துப் பாருங்கள். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையில் பவுணுக்கு 15 ரூபா, 2,000 பவுணுக்கு 30,000. வெளிநாட்டில் வெட்டிய 32 பவுண், 395 வீதம் 12,640. இங்கே கட்டிய மூன்று தொகையும் சேர்ந்து 5,500. இருப்பதிலேயே பெரிய அந்த 30,000 எந்தச் சீட்டிலும் கட்டணம் என்று எழுதப்படவில்லை. அதனால்தான் எவ்வளவு தேடியும் உங்கள் கண்ணில் படவில்லை. முதலில் வங்கியிடம் பவுண் வாங்கினீர்கள், பிறகு அதே பவுணை அதே வங்கிக்கு விற்றீர்கள். நகைக்கடையில் வாங்கிய சங்கிலியை மறுவாரம் அதே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கிய விலை கிடைக்காதல்லவா, அதே கணக்குத்தான்.

எல்லாக் கட்டணமும் எங்களுடையது என்று போட்ட பிறகும் 32 பவுணை ஏன் வெட்டினார்கள்? ஃபோர்மில் மூன்று கட்டம் இருக்கும்: எல்லாம் அனுப்புபவருக்கு, அவரவர் பக்கச் செலவு அவரவருக்கு, எல்லாம் பெறுபவருக்கு. ஆங்கிலத்தில் OUR, SHA, BEN என்று மும்மூன்று எழுத்தாக இருக்கும். நீங்கள் போட்டது முதலாவது. ஆனால் அது போகும் வழிக்கு மட்டும்தான் செல்லும். திரும்பும் வழியில் அனுப்புவது பல்கலைக்கழகத்தின் வங்கி. அது தன் செலவு 20 பவுணைக் கழித்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறது. இடையில் நின்ற வங்கி இன்னொரு 12 பவுணை எடுத்திருக்கிறது. திரும்பி வரும் பணத்தில் இப்படிக் கழிப்பது உலகம் முழுக்க நடப்பது. இதைப் பணம் அனுப்பும்போதே கவுண்டரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது குறைதான்.

இதில் பெரும்பகுதி இனித் திரும்பாது. ஆனாலும் இரண்டு இடத்தைச் சரிபாருங்கள். முதலாவது, அந்த 395 எந்த வீதம் என்பது. வங்கி வாசலில் தொங்கும் வீதப் பலகையில் ஒரு நாணயத்துக்கு நோட்டு வாங்கும் விலை, நோட்டு விற்கும் விலை, டீ.டீ. (TT, கணக்கு வழியாக வந்துபோகும் பணம்) வாங்கும் விலை, டீ.டீ. விற்கும் விலை என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். கையில் கொடுக்கும் நோட்டை வங்கி குறைந்த விலைக்கு எடுக்கும், ஏனென்றால் அதை எண்ணி, பாதுகாத்து, கொழும்புக்கு அனுப்பும் செலவு இருக்கிறது. கணக்கு வழியாக வந்த பணத்துக்கு டீ.டீ. வாங்கும் விலைதான் போடவேண்டும். பணம் வரவான அன்றைய வங்கியின் டீ.டீ. வீதத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தவறி நோட்டு விலை போட்டிருந்தால் திருத்திக் கொடுக்கச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு. இரண்டாவது, திரும்பி வந்த பணத்தின் ஸ்விஃப்ட் கொப்பி. யார் எவ்வளவு வெட்டினார்கள் என்பது பொதுவாக அதில் வரிவரியாக இருக்கும். அந்த 20ஐயும் 12ஐயும் உண்மையிலேயே அங்கேதான் வெட்டினார்களா, அல்லது அதில் ஒரு பகுதி இங்கே எடுத்ததா என்பதை அந்தத் தாளை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் நாளை நிற்கப்போகிற பெற்றோருக்காக இதையும் சொல்ல வேண்டும். வங்கிக்கு ரத்துக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். படிப்பை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கும் மாணவரின் முற்பணத்தை அப்படியே மாற்றி வைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் நிறைய இருக்கின்றன. அப்படி நடந்தால் செலவே இல்லை. பணத்தைத் திருப்பி எடுத்தே ஆகவேண்டுமென்றால், அது வங்கிக்கு வந்ததும் ரூபாவாக மாற்றவேண்டாம், தகவல் சொல்லும்வரை பவுணாகவே வைத்திருங்கள் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். வேறு கல்லூரிக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால் அந்த 1,968 பவுணையே நேரே திருப்பிவிட முடியுமா என்று கேளுங்கள். முடிவு வங்கியின் கையில்தான். ஆனால் கேட்காதவருக்கு ரூபாவாக மாற்றிப் போட்டுவிடுவார்கள், பிறகு மூன்றாவது தடவையும் விலை வித்தியாசம் கொடுக்க வேண்டியிருக்கும். முதலிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து அனுப்பியவர்களுக்கு இந்த 30,000 தொல்லை கிடையாது. பணம் பவுணாகவே போய்ப் பவுணாகவே வரும், வெளிநாட்டு வெட்டும் இங்கே கட்டிய கட்டணமும் மட்டும்தான் நட்டம்.

அனுப்பிய பணத்தை நிறுத்த எவ்வளவு நேரம் அவகாசம் இருக்கிறது? ஒரு நாள் என்கிறார் ஒருவர், அரை மணித்தியாலம் என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், தலவாக்கலை

அரை மணித்தியாலம் என்பது அமெரிக்காவிலிருந்து அனுப்புபவர்களுக்கான சட்டம். அங்கிருந்து ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு அனுப்பும் பணத்தை, கட்டி முடித்த 30 நிமிடத்துக்குள் ரத்துச் செய்தால், கட்டணத்தையும் சேர்த்து முழுத்தொகையையும் மூன்று வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குள் இங்கே யாரும் எடுத்திருக்கக்கூடாது, கணக்கிலும் விழுந்திருக்கக்கூடாது. நம் கிளையிலிருந்து அனுப்பும் பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இங்கே மணிக்கூட்டைப் பார்ப்பதைவிடப் பணம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். தலவாக்கலையில் நீங்கள் ஃபோர்ம் கொடுத்ததும் பணம் அங்கிருந்து பறந்துவிடுவதில்லை. கிளை அந்தத் தாள்களைக் கொழும்பிலுள்ள தன் தலைமை அலுவலகப் பிரிவுக்கு அனுப்பும். அங்கே சரிபார்த்து, அன்றைய கடைசி நேரத்துக்குள் இருந்தால்தான் செய்தி வெளியே போகும். அதுவரைக்கும் நிறுத்துவது சுலபம், செலவும் சொற்பம். ஆகவே தவறு தெரிந்த அந்த நிமிடமே கிளைக்குப் போன் எடுத்து ‘மெசேஜ் வெளியே போய்விட்டதா?’ என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். இல்லை என்றால் ‘அதை நிறுத்தி வையுங்கள், கடிதத்தோடு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அதே நாளில் போய்க் கையெழுத்து வையுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தி வெளியே போய்விட்டால் வங்கி இன்னொரு செய்தி அனுப்பித்தான் திருப்பிக் கேட்கமுடியும். அது ஒரு வேண்டுகோள், கட்டளை கிடையாது. பெறுபவரின் கணக்கில் பணம் விழுந்துவிட்டால் அவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய வங்கி அதைத் தொடாது. அவர் மறுத்தால் அத்தோடு முடிந்தது, வேண்டுகோள் அனுப்பிய கட்டணம் மட்டும் உங்கள் தலையில். இப்படிக் காத்திருக்கும்போது கொடுப்பனவின் தேடல் எண்ணை (UETR) வாங்கி வைத்திருங்கள். கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து நீளம். அதை வைத்துத்தான் பணம் இப்போது எந்த வங்கியில் என்று பார்க்கமுடியும்.

நாட்களையும் கணக்கில் எடுங்கள். குவைத், கட்டார், சவூதி மூன்றிலும் வெள்ளியும் சனியும் விடுமுறை. நமக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். நடுவில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் மூன்று.

தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அம்மா கையில் எடுக்கிற மாதிரி எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 100 தினார் அனுப்பினாள். அம்மாவின் அடையாள அட்டையில் லெச்சுமி. தங்கை எழுதிக் கொடுத்தது லட்சுமி. இங்கே கவுண்டரில் தரமாட்டோம் என்கிறார்கள். ரத்துச் செய்துவிட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லலாமா? எவ்வளவு நட்டம் வரும்?
– அண்ணன், மஸ்கெலியா

ரத்துச் செய்யச் சொல்லாதீர்கள் தம்பி. பெயர் திருத்தம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு.

தோட்டத்து மக்களின் பிறப்புச் சான்றிதழ் எழுதப்பட்ட விதம் உங்களுக்குத் தெரியும். எழுதினவரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பெயர். அதே பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்தும், அடையாள அட்டையில் ஒரு எழுத்தும், பாஸ் புத்தகத்தில் இன்னொரு எழுத்துமாக நிற்கும். வெளிநாட்டுக் கவுண்டரில் இருப்பவருக்கு லெச்சுமியும் லட்சுமியும் ஒன்றென்று தெரிய வழியில்லை. ஆனால் சிறு எழுத்து மாற்றத்துக்கு அனுப்பிய இடத்திலேயே திருத்தம் செய்யும் வசதி உண்டு. பணம் எடுக்கும் எண் அப்படியே இருக்கும், மாற்று வீதமும் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் மாறும். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு தொகை. லெச்சுமி என்பதை ராஜம்மா என்று முழுதாக மாற்றக் கேட்டால் சம்மதிக்கமாட்டார்கள், அது ஆள் மாற்றம்.

ரத்துச் செய்தால் என்ன ஆகும்? கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. அடுத்தது வீதம். உதாரணத்துக்கு ஒரு தினாருக்கு 990 ரூபா வீதம் அனுப்பியிருந்தால் அம்மாவுக்கு வரவேண்டியது 99,000. ரத்தின்போது அந்த ரூபாவைத் திரும்பத் தினாராக மாற்றும் இடமாக இருந்தால், தினாருக்கு 1,010 என்று கணக்குப் போடுவார்கள். 99,000ஐ 1,010ஆல் வகுத்தால் 98 தினார் சொச்சம். கட்டணம் 1.500 தினார் என்று வைத்தால், திரும்ப அனுப்ப இன்னொரு 1.500. நூறு தினாரில் ஐந்து தினார் வீட்டுக்கு வராமலே கரைந்துவிடும். சில நிறுவனங்கள் கட்டிய தினாரை அப்படியே கொடுக்கும், வீதத்தைத் தொடாது. எந்த முறை என்பதைத் தங்கை பற்றுச்சீட்டின் பின்பக்கம் பார்த்தோ கேட்டோ தெரிந்துகொள்ளவேண்டும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதை எந்தச் சீட்டும் காட்டாது. ரத்துக்கு அனுப்பியவரே நேரில் வரவேண்டும், மூலப் பற்றுச்சீட்டும் அந்த நாட்டு அடையாள அட்டையும் வேண்டும் என்பது வழக்கம். வீட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு வெளியே போகக் கிடைப்பதே அபூர்வம். அவளுடைய ஒரு லீவு நாள், டாக்சிக் காசு, வீட்டுக்காரரிடம் கேட்டு நிற்கும் சங்கடம், எல்லாம் அந்த ஒரு எழுத்துக்காக. ஆகவே முதலில் எக்ஸ்சேஞ்சின் வாடிக்கையாளர் இலக்கத்துக்குப் போன் செய்து, அம்மாவின் அடையாள அட்டைப் படத்தை அனுப்பி, நேரில் வராமல் திருத்த முடியுமா என்று தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலும் இதே குழப்பம் வரும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழையதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதியது வந்துவிடும். தங்கை பழைய எண்ணைக் கொடுத்து, அம்மாவிடம் புதிய அட்டை இருந்தால், ரத்துக்கு ஓடுவதற்கு முன் இந்தக் கணக்கைக் கிளை முகாமையாளரிடம் காட்டிப் பேசுங்கள்.

பணம் எடுக்கும் எண்ணை வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். திருத்தமோ ரத்தோ முடிவதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டால் திருப்பி வாங்க வழியே இல்லை.

எல்லயில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஜெர்மனிக்காரர் ஒருவர் 300 யூரோ வங்கி வழியாக அனுப்பிப் பதிவு செய்தார். எங்களுக்கு வந்தது 98,325 ரூபா. இப்போது வரமுடியவில்லை, 300 யூரோவும் வேண்டும் என்கிறார். அனுப்ப எவ்வளவு செலவாகும்? யார் ஏற்பது?
– வாசகி, எல்ல

நீங்கள் செய்யப்போவது ரத்துக் கிடையாது, புதிதாக ஒரு பணம் அனுப்புதல். அவருடைய கொடுப்பனவு முடிந்துபோன விஷயம். 300 யூரோவில் வழியில் 15 போய், 285 யூரோ உங்கள் வங்கிக்கு வந்து, 345 வீதம் 98,325 ஆகியிருக்கிறது. இப்போது 300 யூரோ அனுப்ப, விற்கும் விலை 360 என்றால் 108,000 ரூபா. வங்கிச் செலவு ஒரு 5,000 என்று வையுங்கள், 113,000. வந்ததைவிட 14,675 ரூபா கூடக் கொடுக்கவேண்டும், ஒரு இரவும் யாரும் தங்காத அறைக்காக. வந்த 98,325இலிருந்தே செலவையும் கழித்து அனுப்பினால் அவருக்குப் போவது 259 யூரோ, அதிலும் வழியில் கொஞ்சம் குறையலாம்.

யார் ஏற்பது என்பதை நீங்கள் பதிவின்போது என்ன எழுதினீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் இந்த இரண்டு கணக்கையும் அப்படியே அவருக்கு எழுதுங்கள். வங்கிச் சீட்டின் படத்தையும் வையுங்கள். ‘எங்களுக்கு வந்தது இவ்வளவு, திருப்பி அனுப்பினால் உங்களுக்குக் கிடைப்பது இவ்வளவு, அல்லது ஒரு வருடத்துக்குள் எப்போது வந்தாலும் 300 யூரோவுக்கும் தங்கலாம்’ என்று கேட்டால் பலர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். இனிமேல் பதிவு மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: திருப்பிக் கொடுக்கும் தொகை எமக்கு ரூபாவில் கிடைத்த தொகையிலிருந்து வங்கிச் செலவு கழித்துக் கணக்கிடப்படும்.

கார்ட்டில் வாங்குபவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதே நாளில், மெஷினில் அன்றைய கணக்கை மூடும் செட்டில்மென்ட் போடுவதற்கு முன்னால் என்றால், வொய்ட் (void) செய்யுங்கள். அந்த விற்பனையே நடக்காதது போல் மறையும், ஒருவருக்கும் வீத நட்டம் வராது. செட்டில்மென்ட் போன பிறகு ரீஃபண்ட் மட்டும்தான். நீங்கள் ரூபாவில் அதே தொகையைத்தான் திருப்பிப் போடுவீர்கள். அவருடைய வங்கி அதை அன்றைய வீதத்தில் யூரோவாக மாற்றும், சில யூரோ குறைந்தால் உங்களைத்தான் கேட்பார். வங்கி உங்களிடம் எடுத்த கார்ட் கழிவு திரும்பி வரும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். ‘தவறுதலாகக் கூட அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்த வேறு கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று யாராவது கேட்டால் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதலில் வந்த பணம் திருடிய கணக்கிலிருந்தோ கார்ட்டிலிருந்தோ வந்ததாக இருக்கும். உரிய ஆள் முறையிட்டதும் வங்கி அதைத் திருப்பி எடுக்கும். நீங்கள் அனுப்பிய மிச்சம் உங்கள் சொந்தக் காசு. எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கு மட்டும், அதுவும் பணம் உறுதியாகச் சேர்ந்துவிட்டது என்று வங்கி எழுத்தில் சொன்ன பிறகு மட்டும் அனுப்புங்கள்.

ஒல்லாந்திலிருந்து விதை உருளைக்கிழங்கு இறக்க 20,000 யூரோவுக்கு வங்கியில் ரேட் புக் பண்ணி வைத்தோம், மூன்று மாதத் தவணை. ஓடர் நின்றுவிட்டது. ஒரு யூரோ கூட அனுப்பவில்லை. ஆனாலும் 220,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். இது எப்படி நியாயம்?
– விவசாயக் குழு, நுவரெலியா

மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குச் சரி. ரேட் புக் பண்ணுவது என்பது குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கியே தீருவேன் என்று கையெழுத்து வைப்பது. நீங்கள் 358 ரூபாவுக்கு ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்காக வங்கியும் யூரோவை ஏற்பாடு செய்துவிட்டது. நீங்கள் எடுக்காததால் அதைச் சந்தையில் விற்கிறார்கள், அன்று 347. யூரோவுக்கு 11 ரூபா, 20,000க்கு 220,000. யூரோ ஏறியிருந்தால் இதே கணக்கு மறுபக்கம் திரும்பியிருக்கும். ஆனால் அந்த லாபத்தை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. வாசித்துப் பாருங்கள்.

ரத்துக்குப் பதில் இரண்டு வழி கேட்டுப் பார்க்கலாம். அடுத்த பருவத்துக்கு எப்படியும் விதை இறக்குவீர்கள் என்றால் ஒப்பந்தத்தைத் தவணை நீட்டித் தரமுடியுமா? அல்லது வேறு விற்பனையாளரிடம் வாங்கும் பில்லுக்கு ஒரு பகுதியையாவது பயன்படுத்த முடியுமா? 8,000 யூரோவைப் பயன்படுத்தினால்கூட நட்டம் 220,000இலிருந்து 132,000ஆக இறங்கும். தவணை நாளுக்கு முன்பே போய்ப் பேசுங்கள். நாள் கடந்த பிறகு பேச இடமிருக்காது. 2022 மார்ச்சில் டொலர் 200 சொச்சத்திலிருந்து ஒரே மாதத்தில் 300ஐத் தொட்டதைப் பார்த்தவர்கள் ரேட் புக் பண்ணப் பயந்தும், பண்ணாமலிருக்கப் பயந்தும் நிற்பது நமக்கு விளங்குகிறது. ஓடர் உறுதியாகும்வரை முழுத்தொகைக்கும் புக் பண்ணாமல் பாதிக்கு மட்டும் பண்ணுவது நல்லது.

கோத்தகிரியிலுள்ள பெரியப்பா வீட்டுக்கு மருத்துவச் செலவுக்கு அனுப்பிய பணம் பத்து நாளில் தானாகத் திரும்பி வந்தது. நாங்கள் ரத்துக் கேட்கவேயில்லை. ஏன் காசு குறைந்தது?
– வாசகர், பதுளை

பெறும் வங்கி ஏற்க முடியாமல் திருப்பினாலும் வெட்டு ஒன்றுதான், நீங்கள் கேட்டீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. இந்தியாவுக்கு அனுப்பும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சரிபாருங்கள். அங்கே ஒவ்வொரு கிளைக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. என்று 11 எழுத்து இலக்கம் உண்டு. ஸ்விஃப்ட் இலக்கம் 8 அல்லது 11 எழுத்து. நீளம் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் கட்டத்தில் மற்றதை எழுதிவிடுவார்கள். பிரித்தறிவது சுலபம்: ஐ.எஃப்.எஸ்.சி.யில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூச்சியம் இருக்கும், ஸ்விஃப்ட் இலக்கத்தில் ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. திரும்ப அனுப்பும்போது பெரியப்பாவின் பாஸ் புத்தக முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பெயரையும் அதிலுள்ளபடியே எழுதுங்கள்.

இலங்கைக்குப் பணம் அனுப்பும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. சில வெளிநாட்டு ஆப்கள் ஐபான் (IBAN) என்ற சர்வதேசக் கணக்கு எண்ணைக் கேட்கும். இலங்கை வங்கிக் கணக்குகளுக்கு ஐபான் கிடையாது. கட்டத்தை நிரப்பவேண்டும் என்று எதையாவது போட்டால் பணம் போய்த் திரும்பி வரும். கணக்கிலக்கம், ஸ்விஃப்ட் இலக்கம், கிளை, அவ்வளவுதான்.

வங்கியிடம் விளக்கம் கேட்டு இரண்டு மாதமாக அலைகிறேன். எங்கே முறையிடுவது?
– வாசகர், பண்டாரவளை

வாயால் கேட்டது போதும், எழுத்தில் கொடுங்கள். முகாமையாளருக்குக் கடிதம், அதன் பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும். என்ன கேட்கவேண்டும்? போன செய்தியின் கொப்பி, திரும்பி வந்த செய்தியின் கொப்பி, இரண்டு நாளிலும் போட்ட வீதம், இங்கே எடுத்த ஒவ்வொரு கட்டணத்தின் பெயரும் தொகையும். பணம் எந்த நாளில் வங்கிக்கு வந்தது, எந்த நாளில் உங்கள் கணக்கில் விழுந்தது என்பதையும் கேளுங்கள். இடையில் நாட்கள் கிடந்து, அந்த நாட்களில் வீதம் இறங்கியிருந்தால் அந்த வித்தியாசத்துக்கு வங்கிதான் பதில் சொல்லவேண்டும்.

பதில் வரவில்லை அல்லது திருப்தியில்லை என்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். வங்கிக்குக் கொடுத்த, முத்திரை வைத்த அந்தப் பிரதியை மறக்காமல் இணையுங்கள். அது இல்லாவிட்டால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமும் (வாடிக்கையாளரின் முறைப்பாட்டை விசாரிக்கும் நடுவர்) போகலாம், அங்கேயும் கேட்கப்படும் முதல் தாள் அதுதான்.